கொட்டை வெடிப்பும் பறவை வரவும்: பெந்தோங் பள்ளத்தாக்கில் ஓராண்டு

நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் மரங்களைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம் என்பர். நம் நாட்டில் அத்தகைய பருவங்கள் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருவதன்றி வேறு மாற்றமில்லை என்று பள்ளி நூல்கள் கூறுகின்றன. ஆயினும் ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிவோர் இக்கூற்றை அப்படியே ஏற்கமாட்டார்கள். பால்மரத்துக்குப் பருவம் உண்டு என்பதைக் கூலிச்சீட்டைப் பார்த்தே அவர்கள் அறிவர். சனவரி முதல் மார்ச்சு வரையிலான காலத்தில் மரம் இலைகளைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. பின்னர் செந்துளிர் விடுகிறது. அக்காலத்தில் பாலும் குறைகிறது, வருவாயும் குறைகிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களை ஒட்டிக் காய்கள் முற்றி, வெயிலேறும் வேளையில் ‘பட்’டென்று வெடித்து, கொட்டைகள் லயத்தின் தகரக் கூரை மீது வந்து விழுகின்றன.

இவ்விரண்டு குறிகளையும் பறவைகளின் ஆண்டோடு பொருத்திப் பார்ப்போமாயின் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கொட்டை வெடிக்கும் காலத்தில் வடநாட்டுப் பறவைகள் நம்மிடம் வரத் தொடங்குகின்றன. இலை உதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் அவை திரும்பிச் செல்ல ஆயத்தமாகின்றன. அதே வேளையில் உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. பால்மரம் தென்னமெரிக்காவிலிருந்து 1877ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்த விருந்தாளி. பறவைகளோ அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே வந்து போகின்றவை. ஆகவே ஒன்றுக்கொன்று உறவு இருப்பதாக நாம் சொல்லவில்லை. தோட்டத்தில் வாழ்பவர்க்கு மரமே நாட்காட்டியாக அமைந்துவிடுகிறது என்பதே செய்தி. மேலும், விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குள் நுழைபவர் கேட்கும் பறவைக் குரல்களை நகரத்தில் உறங்குபவர் கேட்பதில்லை. பறவை நோக்குதல் தொலைநோக்கிக் கண்ணாடி வாங்கும் வசதியுடையோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவது சரியன்று.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட இடம் பகாங் மாநிலத்தின் மேற்கே, தித்திவங்சா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள பெந்தோங். ஈயத்தால் வளர்ந்து, பின்னர் ரப்பரையும் இஞ்சியையும் சார்ந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு நகரம் இது. ஒருபுறம் உயர்ந்த மலைக்காடு. மறுபுறம் தோட்டங்களும் சிறுதோட்டங்களும் ஆற்றோரப் புதர்களும். மலைப்பறவையும் தாழ்நிலப் பறவையும் சில கல் தொலைவுக்குள் வாழ்வதால் இத்தகைய பள்ளத்தாக்குகளில் பறவை வகைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. இங்கே சொல்லப்படுபவற்றுள் பெரும்பகுதி ரவுப், காராக், கோலக் குபு பாரு போன்ற அண்டைப் பகுதிகளுக்கும் பொருந்தும்.

கம்பியில் உறங்கும் விருந்தாளிகள்

பெந்தோங் நகரின் கடைத்தெருவில் மாலை ஏழு மணி அளவில் நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள். செப்டம்பர் முதல் மார்ச்சு, ஏப்ரல் வரையில், அந்தி மயங்கும் நேரத்தில் தகைவிலான் குருவிகள் ஆயிரக்கணக்கில் வானில் சுழன்று, சற்று நேரத்தில் மின்கம்பிகளில் வரிசை வரிசையாக அமர்ந்துவிடுகின்றன. மலாய்மொழியில் இவற்றை ‘லாயாங் லாயாங்’ என்பர். தெரு விளக்கும் வாகன இரைச்சலும் இவற்றைச் சிறிதும் தடுப்பதில்லை. ஆள் நடமாட்டமும் விளக்கொளியும் உள்ள இடத்தில் பாம்பும் ஆந்தையும் அணுகுவது அரிது. அதனாலேயே நகரத்தின் நடுவில் உறங்குகின்றன என்று கருதப்படுகிறது. கீழே நிறுத்தப்பட்ட வண்டிகளின் நிலை வேறு. அதுபற்றிக் கடைக்காரர்களைக் கேட்டால் போதும்.

விடியுமுன் இவை கம்பிகளை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. பகல் முழுவதும் குளங்கள், வயல்வெளிகள், மறுநடவுக்காக வெட்டி வெளியான தோட்டப் பகுதிகள் ஆகியவற்றின் மேல் பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்து உண்ணுகின்றன. ஒரு தகைவிலானின் எடை ஏறக்குறைய 20 கிராமே. அவ்வளவு சிறிய உடலைக் கொண்டு அது சப்பான், கொரியா, சீனம், கிழக்குச் சைபீரியா ஆகிய நாடுகளிலிருந்து இங்கு வந்து சேர்கிறது. அங்கே வீட்டுத் தாழ்வாரங்களில் சேற்றால் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. சப்பானில் தகைவிலான் கூடு கட்டும் வீட்டில் நன்மை பெருகும் என்னும் நம்பிக்கை இன்றும் உண்டு. நாம் காணும் குருவிகள் இங்கே கூடு கட்டுவதில்லை. பழைய இறகுகளைக் களைந்து புதிய இறகுகளை வளர்த்துக்கொள்வதே அவை இங்குச் செய்யும் முக்கியப் பணி.

தகைவிலானைப் பிற பறவைகளினின்று பிரித்தறிதல் கடினமன்று. தொண்டை செந்நிறம், அதன் கீழ் ஒரு கரும்பட்டை, வயிறு வெண்மை, முதிர்ந்த பறவைக்கு வால் ஓரத்தில் கம்பி போன்ற இரு நீண்ட இறகுகள். ஆண்டு முழுவதும் பாலங்களின் அடியிலும் கட்டடங்களிலும் கூடு கட்டி வாழும் உள்ளூர்த் தகைவிலான் ஒன்றும் உண்டு. அதற்குக் கரும்பட்டை இல்லை, வயிறு சாம்பல் படிந்தது, வால் குட்டையானது. இவ்விரண்டையும் உழவாரன் என்னும் பறவையோடு பலர் குழப்பிக்கொள்கின்றனர். சீனர்கள் விரும்பி உண்ணும் கூட்டைத் தருவது உழவாரன் இனம். அதன் கால்கள் செங்குத்தான சுவரைப் பற்றித் தொங்குவதற்கு மட்டுமே உதவும். எனவே கம்பியில் அமர்ந்திருக்கும் பறவை எதுவாயினும் அது உழவாரன் அன்று என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இவை எங்கிருந்து வருகின்றன என்பது எவ்வாறு அறியப்பட்டது? 1963 முதல் 1971 வரை கிழக்காசியாவின் பல நாடுகளில் ஒரு பேராய்வு நடைபெற்றது. மெக்ளூர் என்னும் அமெரிக்க அறிஞர் அதற்குத் தலைமை தாங்கினார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் கால்களில் எண் பொறித்த சிறு அலுமினிய வளையங்கள் பூட்டப்பட்டன. நம் நாட்டிலும் இவ்வேலை நடந்தது. ஒரு நாட்டில் வளையமிட்ட பறவை மற்றொரு நாட்டில் அகப்பட்டால் அதன் வழி தெரிந்துவிடும். எளிய முறையே, ஆயினும் ஒரு வளையத்துக்கு மறுமொழி கிடைக்க ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிட வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை தொலைவு?

வடநாடுகளில் பனிக்காலம் வந்ததும் பூச்சிகள் மறைந்துவிடுகின்றன. குளிரைக் காட்டிலும் பசியே பறவைகளைத் தெற்கே துரத்துகிறது. அப்படியானால் உணவு குன்றாத நம் நாட்டிலேயே அவை நிலையாகத் தங்கிவிடலாகாதா என்று வினவலாம். இங்கே பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரமே. வடக்கே கோடைக்காலத்தில் பகல் பதினைந்து, பதினாறு மணி நேரம் நீள்கிறது. பூச்சிகளும் ஒரே சமயத்தில் பெருகுகின்றன. குஞ்சுகளுக்கு இரை தேடிக் கொடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. இங்கோ உணவு உண்டு என்றாலும் அதற்குப் போட்டியிடும் பறவைகளும் கூடு கொள்ளையடிக்கும் பாம்பு, குரங்கு முதலியனவும் மிகுதி. பிள்ளை வளர்ப்பதற்கு ஓரிடம், பிழைப்பதற்கு ஓரிடம் என இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தே அவற்றின் இனம் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டது. பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர்களின் வழிவந்த நமக்கு இது புரியாத கணக்கன்று.

தகைவிலான் கூட்டமாக வருவதால் எவர் கண்ணிலும் படுகிறது. தனியே வரும் விருந்தாளிகளும் உண்டு. மலைச்சாலையோரங்களிலும் ஓடைக் கற்களிலும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டி ஆகஸ்டு மாதத்திலேயே வந்துவிடும். தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளுக்கும் பனிக்காலத்தில் செல்லும் பறவையே இது.

பழுப்புக் கீச்சானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மைனாவினும் சிறியது, கண்ணை மறைத்தாற்போல் ஒரு கரும்பட்டை, முன்வளைந்த அலகு. லயத்துக்குப் பின்னால் உள்ள காய்கறித் தோட்டத்து வேலிக் கம்பில் தன்னந்தனியாக அமர்ந்து, வெட்டுக்கிளியைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும். அதற்குரிய எல்லைக்குள் மற்றொரு கீச்சானை அது விடாது. பறவையியலில் புகழ்பெற்ற மெட்வே பிரபு, தீபகற்ப மலேசியாவுக்கு வரும் இப்பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து 1970இல் தம் ஆய்வை வெளியிட்டார். வடக்கே சென்று குடும்பம் நடத்திவிட்டு, சென்ற ஆண்டு தங்கிய அதே இடத்துக்கே திரும்பிவரும் பழக்கம் இப்பறவைக்கு உண்டு என்பது இத்தகைய வளைய ஆய்வுகளால் தெளிந்த உண்மை. ஆகவே உங்கள் வேலிக் கம்பில் இவ்வாண்டு செப்டம்பரில் வந்து அமரும் கீச்சான் சென்ற ஆண்டு வந்ததாகவே இருக்கக்கூடும். அந்த வேலியும் புதரும் அழிக்கப்பட்டால், பல்லாயிரம் கல் கடந்து வந்த பறவை தன் இடம் இல்லாததைக் கண்டு அலைய நேரும்.

முறை மாற்றிக்கொள்ளும் இரு பஞ்சுருட்டான்கள்

மலாய்மொழியில் ‘பெரெக் பெரெக்’ எனப்படும் பஞ்சுருட்டான்களை அறியாத தோட்டப் பிள்ளைகள் இரார். நீண்டு வளைந்த அலகும், பச்சை உடலும், வாலின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு ஊசி இறகுகளும் உடையவை. கம்பியிலிருந்து பாய்ந்து தேனீயையோ தும்பியையோ பிடித்து, மீண்டும் அதே கம்பிக்கு வந்து, கொடுக்குள்ள பூச்சியைக் கம்பியில் தேய்த்து நஞ்சைப் போக்கிய பின்னரே விழுங்கும். பலரும் இதனை ஒரே பறவை என்று எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டு வகைகள் உள்ளன.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கிருப்பது பெரும்பாலும் நீலவால் பஞ்சுருட்டான். இது வடக்கிலிருந்து வரும் விருந்தாளி. இதன் தொண்டையில் பழுப்பு கலந்த செந்நிறம் காணப்படும். ஏறக்குறைய பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தொண்டை நீலமாகவும் தலையும் முதுகின் மேற்புறமும் செம்பழுப்பாகவும் உள்ள மற்றொன்று தோன்றுகிறது. அதுவே நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். அது மணற்பாங்கான கரைகளிலும், திறந்த தரையிலும், ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட மணல்மேடுகளிலும் நீண்ட வளை தோண்டி அதனுள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் பறக்கக் கற்றதும், ஆகஸ்டு அளவில், சுமத்திரா முதலிய தென்திசைத் தீவுகளை நோக்கிப் பல சென்றுவிடுகின்றன. அவை போனதும் நீலவாலின் முறை தொடங்குகிறது. பெரட்டு முடிந்து ஒரு பிரிவினர் போக மற்றொரு பிரிவினர் வருவதுபோல் ஒரே கம்பியை இரு பறவைகளும் முறைவைத்துக்கொள்கின்றன. தொண்டையின் நிறம் ஒன்றை மட்டும் பார்த்துவந்தால், எந்த வாரத்தில் முறை மாறுகிறது என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனினும் நல்ல பயிற்சி இல்லை என்பது எம் கருத்து.

வானத்து நெடுஞ்சாலை

அக்டோபர், நவம்பர் மாதங்களில் பத்து மணிக்கு மேல், வெயில் ஏறி மலைச்சரிவுகளில் சூடான காற்று எழும்பும் வேளையில், அண்ணாந்து பார்க்கவேண்டும். பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு மேலேறி, உச்சியை அடைந்ததும் தெற்கு நோக்கிச் சறுக்கிச் செல்லும். இவற்றுள் பெரும்பாலானவை தேன்பருந்துகள். குளவி, தேனீ ஆகியவற்றின் கூட்டைக் கிழித்து அதிலுள்ள புழுக்களை உண்பதால் இப்பெயர் பெற்றன. செம்பருந்தாகிய கருடனை நம்மவர் நன்கறிவர். அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. தேன்பருந்தோ வழிப்போக்கன்.

சப்பானிய அறிஞர்கள் 2003ஆம் ஆண்டு முதல் இப்பருந்துகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி, துணைக்கோள் வாயிலாக அவற்றின் வழியைப் பின்தொடர்ந்தனர். அவை சப்பானிலிருந்து சீனத்துக்குக் கடல் கடந்து, இந்தோசீன நாடுகள் வழியாக மலாய்த் தீபகற்பத்தின் நெடுக இறங்கி, சுமத்திராவையும் அதற்கப்பாலுள்ள தீவுகளையும் அடைவது தெரியவந்தது. பருந்தின் உடல் கனமானது. சிறகடித்தே கடலைக் கடப்பதாயின் களைத்துவிடும். கடல்மேல் சூடான காற்று எழும்புவதும் குறைவு. ஆகவே குறுகிய இடத்தையே அவை தேர்ந்தெடுக்கின்றன. திரும்பும் பயணத்தில், பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, சுமத்திராவின் ரூப்பாட் தீவிலிருந்து போர்ட்டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவான் முனைக்குக் கடந்து வருகின்றன. அங்கு நீரிணையின் அகலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். களைத்துப்போய் மரங்களுக்குச் சற்று மேலே தாழ்வாக வரும் அப்பருந்துகளைக் காண்பதற்கென்றே மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கு விழா எடுத்துவருகிறது.

சிறு பறவைகள் பல இரவில் பயணம் செய்கின்றன. பெந்தோங்குக்கு வடமேற்கிலுள்ள பிரேசர் மலையில், மூடுபனி சூழ்ந்த இரவுகளில் விளக்கொளியால் கவரப்பட்டு இறங்கிய பறவைகளை ஆய்வாளர்கள் 1960களில் வலையிட்டு வளையமிட்டனர். நம் குடியிருப்புகளிலும் அக்டோபர், நவம்பர் மாதக் காலைகளில் ஆலைச் சுவரோரம், விளக்குக் கம்பத்தடியில், வண்ணச் சிறகுடைய குட்டைவால் பறவை ஒன்று மயங்கிக் கிடப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். நீலச்சிறகு ஆறுமணிக்குருவியாக அது இருக்கக்கூடும். துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருளும் அமைதியுமாகச் சில மணி நேரம் வைத்திருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பின்னர்ப் புதரோரமாக விட்டுவிடலாம். நீரை வாயில் ஊற்றுதல் கூடாது.

இலை உதிரும் காலம்

இனி ஆண்டின் மறுபாதிக்கு வருவோம். சனவரி பிறந்து நிரையெங்கும் சருகு மெத்தையாகக் கிடக்கும்போது, வெளியூர்ப் பறவைகள் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்க, உள்ளூர்ப் பறவைகள் பாடத் தொடங்குகின்றன. பூச்சியுண்ணும் பறவைகள் பலவற்றுக்குப் பிப்ரவரி முதல் சூன், சூலை வரையிலான காலமே கூடுகட்டும் காலம்.

மரம் வெட்டச் செல்வோர் இப்பாட்டின் வரிசையை மனப்பாடமாக அறிவர். இருள் பிரியுமுன் முதலில் கேட்பது பக்கியின் குரல். மரக்கட்டையைச் சீரான இடைவெளி விட்டுத் தட்டுவதுபோல் ‘டொக், டொக்’ என்று ஒலிக்கும். நெற்றி விளக்கின் ஒளியில் செம்மண் சாலையின் நடுவே இரு தீக்கனல்களாகத் தெரிவது அதன் கண்களே. பேய் என்று அஞ்சிய காலமும் உண்டு; அது கொசுவையும் அந்துப்பூச்சியையும் தின்னும் அப்பாவிப் பறவை. கூடு கட்டுவதில்லை, சருகின்மேல் ஒன்றோ இரண்டோ முட்டைகளை இட்டு அவற்றின்மேல் சருகோடு சருகாகப் படுத்துக்கொள்ளும். காலடியில் திடீரென ஒரு பறவை எழும்பிப் பறந்தால், அடுத்த அடியை வைக்குமுன் தரையைப் பார்ப்பது நல்லது. கிழக்கு வெளுத்ததும் பக்கி அடங்கிவிடும். மலாய்க்காரர் ‘முராய்’ எனவும் நம்மவர் கரிச்சான் எனவும் அழைக்கும் கருப்பு வெள்ளைப் பறவை லயத்துக் கூரை உச்சியில் பாடத் தொடங்கும். அடிமரப் புதர் மிகுந்த பழைய ரப்பர்க் காடாக இருந்து, அருகில் மலைக்காடும் இருந்தால், உள்ளிருந்து சோலைபாடியின் குரலும் கேட்கும். ‘முராய் பத்து’ என்பது அதுவே.

குயிலைப் பற்றி ஒரு சொல். நம் தாத்தாக்கள் காலத்தில் இத்தீபகற்பத்தில் குயில் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்து செல்லும் பறவையாகவே இருந்தது. இன்று பல ஊர்களில் நிலையாக வாழ்கிறது. காரணம் காகம். 1890களில், காப்பித் தோட்டங்களைத் தாக்கிய புழுக்களை ஒழிப்பதற்கென்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள். காப்பி போயிற்று, ரப்பர் வந்தது, காகம் மட்டும் நிலைத்துவிட்டது. காகம் பெருகிய இடங்களில் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பின்தொடர்ந்து வந்து குடியேறிற்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இவ்விரண்டுக்கும் இருந்த பழைய வழக்கு இங்கும் தொடர்கிறது.

ஆற்றோரத்தில் கேளாத குரல்

இத்தனை பறவைகளைச் சொன்ன நாம், இன்று பெந்தோங் போன்ற பள்ளத்தாக்குகளில் எளிதில் கேட்க இயலாத ஒன்றைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சின்னான் அல்லது கொண்டைக்குருவி எனப்படும் இனத்திலேயே மிகப் பெரியது மஞ்சள்தலைச் சின்னான். மலாயில் ‘பாராவ் பாராவ்’. வைக்கோல் நிறத் தலை, மீசைபோல் ஒரு கருங்கோடு, வெண்மையான தொண்டை. ஆற்றோரப் புதர்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். குழலை நீரில் நனைத்து ஊதினாற்போன்ற கொழுகொழுத்த குரல். தீபகற்பத்தின் தாழ்நில ஆற்றங்கரைகளில் ஒரு காலத்தில் இது பரவலாக இருந்தது. தோட்டத்து முதியவர்களைக் கேட்டால் நினைவுகூர்வோர் இருப்பர்.

தாய்லாந்திலும் சாவாவிலும் இப்பறவை அற்றுப்போய்விட்டது. நம் நாட்டில் பல இடங்களில் மறைந்து, பெரிய காடுகளின் உட்புற ஆறுகளில் எஞ்சியுள்ளது. 2018ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக மோசமான ஆபத்து நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. 2022இல் அனைத்துலக வணிகத்தை அறவே தடுக்கும் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது.

காடு அழிந்ததால் இது அழிந்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உண்மை வேறு. இப்பறவைக்கு அடர்காடு தேவையில்லை. புதரும் நீரும் போதும். இதற்குச் சான்று சிங்கப்பூர். வானளாவிய கட்டடங்கள் நிறைந்த அச்சிறு தீவின் பூங்காக்களிலும் எஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் சில நூறு பறவைகள் இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன. உலகில் இவ்வினத்தின் முக்கியமான புகலிடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே பிடிப்பவர் மிகக் குறைவு; அதுவே முக்கிய வேறுபாடு. மற்ற இடங்களில் பாட்டுப் போட்டிக்கும் கூண்டுக்கும் விலை ஏற ஏற, கண்ணி வைப்போரும் பெருகினர். இனிமையான குரலே அதற்குப் பகையாயிற்று. பாடும் பறவை தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிவிடுகிறதன்றோ?

இப்பொழுது அதே ஆபத்து சோலைபாடியைச் சூழ்ந்துள்ளது. பார்வைப் பறவையைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்தோ, கைத்தொலைபேசியில் பதிந்த பாட்டை ஒலிக்கவிட்டோ, எதிர்க்க வரும் ஆண் பறவையை மெல்லிய வலையில் பிடிக்கின்றனர். பால் குறைந்து கையில் பணமும் குறைந்த இலையுதிர் மாதங்களே அப்பறவை மிகுதியாகப் பாடும் மாதங்கள் என்பது கவலைக்குரியது. ஒரு பறவைக்கு வெளியூர் வணிகர் தருவதாகச் சொல்லும் தொகை, குறைந்த கூலி பெறும் இளைஞருக்குப் பெரிதாகவே தோன்றும். அதனை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். வணிகர் போய்விடுவார், வலையோடு பிடிபடுபவர் தோட்டத்து இளைஞரே. சிறுவர்களின் ‘லாஸ்டிக்’ விளையாட்டும் இச்சட்டத்துக்கு வெளியே இல்லை. உங்கள் நிரையில் அறிமுகமில்லாதவர்கள் மெல்லிய வலை கட்டுவதைக் கண்டால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

குறித்துவைக்கும் முறை

பாராவ் பாராவ் எந்த ஆண்டில் எந்த ஆற்றோரத்தில் கடைசியாகப் பாடியது என்பதைப் பெரும்பாலான இடங்களில் எவரும் எழுதிவைக்கவில்லை. ஒரு பறவை திடீரென்று மறைவதில்லை. பத்து கேட்ட இடத்தில் ஐந்து, பின்னர் இரண்டு, பின்னர் என்றாவது ஒரு நாள் என்று குறைந்து போகிறது. குறிப்பு இருந்தால் மட்டுமே அக்குறைவு தெரியும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. குதிரைப் படம் போட்ட பெரிய கட்ட நாட்காட்டி நம் வீடுகளில் தொங்குகிறது. பால் எடையும் கடைக் கடனும் எழுதும் அக்கட்டங்களிலேயே பறவைக்கும் ஒரு சொல் எழுதலாம். முதல் தகைவிலானைக் கண்ட நாள். வேலிக்குக் கீச்சான் வந்த நாள். நீலத்தொண்டை முதலில் தென்பட்ட நாள். பருந்துகள் கடந்த நாளும் அவற்றின் எண்ணிக்கையும். சோலைபாடி பாடியது எந்த நிரையில், எத்தனை என்பது. பெயர் தெரியாவிடில் நிறத்தையும் அளவையும் எழுதினால் போதும். வராத பறவையையும் எழுதவேண்டும். ‘இவ்வாரமும் காணோம்’ என்பதும் ஒரு செய்தியே. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியைத் தூக்கி எறியாமல் சுருட்டி வைக்கவேண்டும். ஐந்து நாட்காட்டிகள் சேர்ந்துவிட்டால் பல்கலைக்கழக ஆய்வாளரும் இயற்கைக் கழகத்தாரும் அதனை மதித்து வாங்கிப் பார்ப்பர். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்ட இக்காலத்தில், ரப்பர் நிரைக்குள் பறவைகளைக் கேட்டு எழுதிய குறிப்புகள் அரியவை.

காலில் வளையமுள்ள பறவை இறந்து கிடக்கக் கண்டால், வளையத்திலுள்ள எழுத்துகளையும் எண்ணையும் பிழையின்றி எழுதிக்கொண்டு, கண்ட நாளையும் இடத்தையும் சேர்த்து வனவிலங்குத் துறைக்கோ இயற்கைக் கழகத்துக்கோ அனுப்பவேண்டும். பறவை உயிருடன் இருந்தால் வளையத்தைக் கழற்றாமல், எண்ணை மட்டும் படித்துக்கொண்டு பறக்க விட்டுவிடவேண்டும்.